மேக நாள் கோழி

பெரியகுளத்துச் சந்தைத் திடலில்
கூடாரம் போட்டிருந்தான் பயாஸ்கோப்காரன்.
தரை டிக்கெட் அரையணா.
திரையில் ஒருவன் தன் மனைவியைக்
குடையாக மடக்கினான்.
குடையை விரித்தான்,
கொட்டின கோழிகள்.
எனக்குப் பக்கத்திலிருந்த வெற்றிலை வியாபாரி
காலைத் தூக்கிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தும் நான் எழவில்லை.
கைப்பிடி சுற்றியவனுக்கு ஒரு புருவம் கருகியிருந்தது.
பீடி கொடுத்துக் கேட்டேன்.
"பிடிக்கும்போது நடுவுல நிறுத்துவாங்க.
அவ எந்திரிச்சுப் போவா, குடையை வைப்பாங்க,
மறுபடி சுத்துவாங்க. அவ்வளவுதான்.
உன் கண்ணு ஏமாறலப்பா.
நடுவுல நடந்ததை யாரும் உனக்குக் காட்டல."

மறுநாள் தோப்பிலிருந்து மலையேறினேன்,
கோவேறு கழுதைகளின் பின்னால்,
அந்த நடுவிலேயே நடந்தபடி.

என் வேலை சூரியனைக் கழுவுவது.
கொடைக்கானலில் சூரிய பங்களா என்றால்
சுமைகூலிக்கும் தெரியும்.
காலையில் துரை ஒரு படம் எடுப்பார்.
இருட்டறையில் நான் அதை மருந்தில் ஆட்டி,
ஹைப்போவில் நிறுத்தி,
பல்லை நடுக்கும் தண்ணீரில் அலசுவேன்.
கண்ணாடியில் சூரியன் கறுப்பு.
அதன் கறைகள்தான் வெளிச்சம்.
சம்பளம் பதினொரு ரூபாய்.
விரல் நுனிகள் எப்போதும் பழுப்பு,
கோயிலில் கைகூப்பினால் சாமியார்
அதைத்தான் பார்ப்பார்.

கிழக்கு விளிம்பில் ஒரு கறை முளைக்கும்.
மறுநாள் கொஞ்சம் தள்ளி நிற்கும்.
பதின்மூன்று நாளில் மேற்கே விழும்.
ஐந்து வருஷமாய் அலமாரியில் அடுக்குகிறவன்,
நடக்கிறது என்று தெரியும்.
நடந்து பார்த்ததில்லை.

எண்ணெய்த்தாளில் பென்சிலால் படியெடுத்தேன்.
செப்டம்பர், அக்டோபர்.
உள்ளங்கை அகலத்தில் அறுபத்தொரு தாள்.
தையற்கார மதலைமுத்து
கோட்டு தைக்கும் நூலால் முதுகைக் கட்டித் தந்தான்.
ரோஸம்மாள் பிரசவத்துக்கு வத்தலக்குண்டு போனவள்
இன்னும் திரும்பவில்லை.
அடுப்படியில் தனியாக உட்கார்ந்து
கட்டைவிரலால் விட்டேன்.

சூரியன் உருண்டது.
இரண்டு மாதம், ஆறு நொடி.
"அடேய்" என்றேன்
யாரையோ.

ஆனால் அக்டோபரில் ஒன்பது நாள் மேகம்.
மலை முழுக்க ஈரக் கம்பளி.
பதிவேட்டில் மேகம், கீழே மேகம், அதன் கீழே மேகம்.
பாதி வழியில் காணாமல் போன கறை
மேற்கு விளிம்பில் எட்டிப் பார்த்தது
குடைக்குள்ளிருந்து வந்ததுபோல.
வரைந்து நிரப்பலாம், கணக்கு எனக்குத் தெரியும்.
பார்க்காத கறையைப் பார்த்ததாய் வைத்தால்
அந்த பங்களாவில் அதற்குப் பெயர் பொய்.
அதனால் யாரும் நம்ப முடியாத ஒன்றை வரைந்தேன்.

கோழி.
பன்னிரண்டாம் தேதி இடது கால்.
பதின்மூன்று, வலது.
பதினான்கில் குனிந்து சூரியனைக் கொத்தியது.

எப்படியோ அது துரையின் மேசைக்குப் போய்விட்டது.
கூப்பிட்டனுப்பினார்.
என் கண்முன்னே விரலால் விட்டார்.
கறை, கறை, கறை,
கோழி கோழி கோழி,
கறை.
மீசை அசையவில்லை.
மறுபடி விட்டார், மெதுவாக.
மூன்றாம் முறை ஓரிடத்தில் நகத்தை வைத்து நிறுத்தினார்.

"சவரி, இங்கே ஒன்றும் இல்லை."
நாற்பத்தேழாம் தாள்.
வட்டம் மட்டும்.
கறையும் இல்லை, கோழியும் இல்லை.

"அன்றைக்கு நான் வத்தலக்குண்டில் இருந்தேன், துரை."
"குழந்தையா?"
நான் தரையைப் பார்த்தேன்.
நல்ல தரை, தேக்குப் பலகை.

அவர் இன்னொரு தரம் விட்டார்.
அந்த இடத்தில் சூரியன்
ஒரு முறை இமைத்தது,
பிறகு கோழி விட்ட இடத்திலிருந்து நடந்தது.
புத்தகத்தை என்னிடம் நீட்டி,
"நாளைக்கும் மேகம் என்றால்
உன் முறை" என்றார்.

மறுநாள் நல்ல வெயில்.
கழுவினேன்.